எந்தக் கியர்?

மலேசியாவின் குருண் ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் எவலினுக்குப் பொறுமை போய்விட்டது. சசிதரன் தன் புதுச் சைக்கிளுக்குக் கியர் செட் பார்க்க வருவது இது எத்தனையாவது தடவையோ.

"தார் ரோட்டு கியர் வேகமா போகும். எஸ்டேட் செம்மண்ணுக்கு கிராவல் கியர்தான். குலுங்கினாலும் செயின் கழலாது, மேடும் லேசா ஏறும். எதுன்னு சொல்லுங்க லா."

"நீங்க எதைப் போட்டிருக்கீங்க?"

"என் கதை எதுக்கு? நீங்க எந்த ரோட்டுல ஓட்டப் போறீங்க?"

சசிதரன் தலையைச் சொறிந்தான். "அதைத்தான் இவ்வளவு நாளா கேட்க முடியாம தவிக்கிறேன். ஞாயித்துக்கிழமை நீங்க எந்தப் பக்கம் ஓட்டுவீங்க?"

எவலின் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிராவல் கியர் பெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"புக்கிட் செலம்பாவ் எஸ்டேட் பக்கம். மேடு அதிகம், மூச்சு வாங்கும். பேச முடியாது, பரவாயில்லையா?"