விலகல் பாரம்

"ஆறு மாசமாச்சு குமுதாக்கா! இன்னும் உங்க பேரக்கூட எழுத வரல. எதுக்கு வாரீங்க, இங்க குடுக்கிற நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்துக்கா?"

தனேஸ்வரி டீச்சர் கேட்டதும் வகுப்பே சிரித்தது.

சிலிபின் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு. டீச்சர் சேவையாகத்தான் செய்கிறார். அதை அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். அவர் தலைக்கு மேல் பேனர்: 'யாரையும் விட்டுவிட மாட்டோம்.'

"மங்களம் அக்காவப் பாருங்க. முதல் நாள் வாசலோட திரும்பப் பாத்தவங்க. இப்ப எழுத்துக் கூட்டி லேபிள் வாசிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் ஜெலாப்பாங்ல ஒரே ஃபேக்டரி, ஒரே கிளீனர் வேலைதானே?"

"மண்டையில ஏற மாட்டேங்குது டீச்சர்" என்றாள் குமுதா, தலையைத் தூக்காமல்.

இடைவேளையில் மங்களம் காப்பி எடுக்கப் போனாள். டீச்சர் குமுதாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரம் நீங்க வர வேணாம். இருக்கிறது இருபது நாற்காலி. வெளியில ஆளுங்க காத்திருக்காங்க லா."

"தரையில உக்காந்துக்கிறேன் டீச்சர். என்னைய மட்டும் நிப்பாட்டிடாதீங்க."

"முடியாது. விலகல் பாரத்த நானே நிரப்பிட்டேன். கைநாட்டு வைங்க, போதும்."

டீச்சர் அந்தத் தாளையும் மைப்பெட்டியையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

குமுதா திரும்பிப் பார்த்தாள். மங்களம் இன்னும் காப்பி வரிசையில்தான் நின்றாள்.

மைப்பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். 'காரணம்' என்ற இடத்தில் டீச்சர் எழுதியிருந்த 'படிப்பில் அக்கறை இல்லை' என்பதை அடித்தாள். அதன் கீழே மளமளவென்று எழுதினாள்:

'நான் ஐந்தாம் படிவம் வரை பள்ளிப் படிப்பை முடித்தவள். லேபிள் வாசிக்கத் தெரியாமல் கழுவுகிற மருந்தை மாற்றி ஊற்றி, மங்களத்துக்கு வேலை போகப் பார்த்தது. இங்கே வர வெட்கப்பட்டாள். எனக்கும் எழுதத் தெரியாது, சேர்ந்தே போவோம் என்று சொல்லித்தான் அழைத்து வந்தேன். நான் நின்றால் அவளும் நின்றுவிடுவாள்.'

டீச்சருக்கு முகமெல்லாம் எரிந்தது. வகுப்பைச் சிரிக்க வைத்தது நினைவுக்கு வந்து, கூசிப்போனார். மங்களம் வருவதைக் கண்டதும் அவசரமாகப் பாரத்தைப் பைக்குள் திணித்தார். மைப்பெட்டி மேசையிலேயே கிடந்தது.

"என்னடி, கைநாட்டு வைக்கப் போறியா?" மங்களம் காப்பியைக் கீழே வைத்தாள். "டீச்சர், இவள ஏசாதீங்க. நான் சொல்லித் தாரேன். கையக் குடு, குமுதா. மொதல்ல 'கு'..."

குமுதா ஒன்றும் தெரியாதவள் போலக் கையை நீட்டினாள்.