சனிக்கிழமை நடை

கழுத்தோரம் இரண்டு சொட்டு சென்ட்டைத் தொட்டுக்கொண்டு, கண்ணாடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "வர்றேங்க" என்று மனைவி கிளம்பியபோது மணி நாலு. பூப்போட்ட சிவப்பு உடுப்பு வேறு.

"ம்" என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். கதவு சாத்திய மறுநிமிடம் தாளை வீசிவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டினார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சனிக்கிழமை அரை நாள்தான் கடை. ஐம்பது வயதுவரை தனிக்கட்டையாக இருந்துவிட்டு, கண்ணாடி மாற்ற வந்த பள்ளிக்கூடக் குமாஸ்தா அம்மாளைக் கட்டிக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. அவளுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் கணவர் ரயில்வேயில் இருந்தவர், மாரடைப்பில் போய்விட்டார் என்பதற்கு மேல் அவளும் சொன்னதில்லை, இவரும் கிளறியதில்லை.

கல்யாணமான புதிதில் எங்கே போய்விட்டு வந்தாலும் வாசலில் நின்றபடியே ஒப்பிப்பாள். எந்தத் தெரு வழியாக வந்தாள், யார் பேசினார்கள், ஏன் பத்து நிமிடம் தாமதம், எல்லாம். கேட்காமலே சொல்கிறாளே, என்ன வெள்ளை மனசு என்று இவருக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பழக்கம் மெல்ல மெல்லக் குறைந்து, இப்போது இந்தச் சனிக்கிழமை நடையைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

போதாததற்குப் பக்கத்துக் கடை சாவிக்காரர் நேற்று கொளுத்திப் போட்டார். "என்ன சார், வீட்டம்மா வாராவாரம் பழைய ரயில் பாதைப் பக்கம் ஜோரா போறாங்க? முகத்துல அப்படி ஒரு களை!"

ரயில் நின்று பல வருடமாகி, போன வருடம்தான் தண்டவாளத்தைப் பெயர்த்துத் தார் போட்டு, நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் மரங்கள் கூடாரம் போட, நடுவே கோடு இழுத்தாற்போலப் பாதை. எங்கெங்கிருந்தோ பார்க்க வருகிற அழகு. இவர் கண்ணுக்கு அந்தச் சிவப்பு உடுப்பு ஒன்றுதான் தெரிந்தது.

குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளிப் போன ஒரு தம்பதிக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கி நடந்தார். இரும்புப் பாலத்தில் அவள் நின்று ஆற்றை எட்டிப் பார்த்தாள். இவர் சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். போட்டிருந்தது செருப்பு.

சுரங்கத்துக்குள் நுழைந்ததும் திடுக்கிட்டார். அவள் பாடிக்கொண்டு போனாள். ஈரச் சுவரில் மோதி அந்தக் குரல் இரண்டாக, மூன்றாகத் திரும்பி வந்தது. வீட்டில் ஒரு வரி முணுமுணுத்ததுண்டா? "சார், ஓரமா போங்க!" என்று மணியடித்த சைக்கிள்காரனைக்கூட, இவன்தானோ என்று உற்றுப் பார்த்தார்.

சுரங்கத்தைத் தாண்டினால் பழைய ஸ்டேஷன். பிளாட்பாரமும், இன்ஜினுக்குத் தண்ணீர் நிரப்பிய தொட்டியும்தான் மிச்சம். அவள் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். மறு ஓரத்தைச் செடி மறைத்தது. இவர் தண்ணீர்த் தொட்டியின் கல்தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"நீ என்ன நெனச்சே? நான் வரமாட்டேன்னா?" என்றாள் அவள், மறு ஓரத்தைப் பார்த்து.

நீ! கட்டிய புருஷன் மூன்று வருடமாக 'நீங்க'. எவனோ ஒருத்தன் 'நீ'யா?

இரண்டே எட்டில் அடுத்த தூணுக்குத் தாவி எட்டிப் பார்த்தார். பெஞ்சில் வேறு யாருமில்லை. சாய்மானத்தில் ஒரு பித்தளைத் தகடு மட்டும் மின்னியது. 'இந்நிலையத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த ஸ்டேஷன் மாஸ்டரின் நினைவாக, ரயில்வே நண்பர்கள்.'

முதல் கணவர்!

உயிரோடு இருப்பவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். போய்ச் சேர்ந்தவனோடு எப்படி மல்லுக்கட்டுவது? செத்தும் அவனுக்குத்தான் சென்ட்டும் பாட்டும். தனக்கு வாய்த்தது காப்பியும் 'நீங்க'வும்.

பேசாமல் திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது அவள் குரல் உயர்ந்தது.

"குவார்ட்டர்ஸ் வேலியைத் தாண்டக் கூடாதுன்னே. வாய்விட்டுப் பாடினா, 'எவனுக்காகப் பாடுறே'ன்னு கேட்டே. பால் வாங்கப் போனாலும் பூனை மாதிரிப் பின்னாலயே வந்தே. வீட்டுக்குள்ள கால் வெச்சதும், எந்த வழியா வந்தே, எவன்கிட்ட பேசினேன்னு விசாரணை. பன்னெண்டு வருஷம்!"

எட்டிப் பார்த்த தலையை இவர் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பிறகு, இவர் இதுவரை கேட்டேயிராத ஒரு குழைவு அந்தக் குரலில் வந்தது.

"இப்ப எனக்குன்னு ஒருத்தர் இருக்காரு. எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல."

இவர் மூச்சை அடக்கிக்கொண்டு, ஓசைப்படாமல் ஓர் அடி பின்னால் வைத்தார்.

"ஒருநாள்கூட என் பின்னாடி வந்ததில்ல."