மூன்று வரிப் புகார்

"யார் எழுதினதுன்னு இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி மேசையைத் தட்டினார்.

டிப்போ மேனேஜர் எழுந்து நின்றார்.

வெளியே, ஓட்டுநர்கள் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலிருந்த திரையில் அந்த மூன்று வரிகள் காலையிலிருந்து நின்றன.

'ஆறு பஸ்களில் பிரேக் தேய்ந்துவிட்டது.

தெரிந்தும் தலைமை அலுவலகம் ஓட்டச் சொல்கிறது.

எங்கள் மேனேஜருக்கும் தெரியும். வாயைத் திறக்க அவருக்குத் துணிச்சல் இல்லை.'

டிப்போ ஆட்கள் மட்டும்தான், தங்கள் போனிலிருந்து, அதில் எழுத முடியும். எழுதியது எல்லார் கண்ணிலும் படும். எழுதியவர் பெயர் யார் கண்ணிலும் படாது. அப்படியொரு ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவள் மேனேஜரின் மகள்.

அவளை வரவழைத்தார்கள். "நீங்களே கேளுங்க" என்றார் அதிகாரி.

"பேரைச் சொல்லிடும்மா" என்றார் மேனேஜர். சொன்னபின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கே தெரியாதுப்பா. தெரியக்கூடாதுன்னுதானே அப்படிச் செஞ்சேன்." அவள் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

அதிகாரி விடவில்லை. கூட்டி வந்திருந்த இரண்டு கணினி ஆட்கள் மத்தியானம் வரை துருவித் துருவிப் பார்த்தார்கள். யாரோ ஓர் ஊழியர் என்பதற்கு மேல் ஒன்றும் சிக்கவில்லை.

அதற்குள் ஓட்டுநர்கள் அத்தனை பேரும் திரையைப் படித்துவிட்டார்கள். ஒருவரும் அந்த ஆறு பஸ்களில் ஏறவில்லை.

வேறு வழியில்லாமல், பிரேக் மாற்றச் சொல்லும் உத்தரவில் அதிகாரி கையெழுத்துப் போட்டார். "பொண்ண நல்லா வளர்த்திருக்கீங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

குத்தலாகத்தான் சொன்னார். மேனேஜருக்கோ அது மாலை போட்டதுபோல் இருந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓட்டுநர்கள் நடுவே நிமிர்ந்து நடந்தார்.

மகள் பின்னாலேயே வந்தாள். "அந்தக் கடைசி வரிய மனசுல வச்சுக்காதீங்கப்பா."

"உள்ளதத்தானேம்மா எழுதியிருக்கு" என்று அவள் தோளைத் தட்டினார். அதற்கு மேல் அவளிடம்கூட எதுவும் சொல்லவில்லை.

முதல் இரண்டு வரிகளும் கடகடவென்று வந்துவிட்டன. அந்த மூன்றாவதை எழுதத்தான் அவருக்கு அரைமணி நேரம் பிடித்தது.