பதினோரு மணிக் கட்டம்

எங்கள் வார்டில் நாலாம் படுக்கை ஒரு வாரமாகக் காலி. ஆனாலும் தினமும் காலை பதினோரு மணிக்கு அதன் அழைப்பு மணி அடிக்கிறது.

"வயரையே மாத்தியாச்சு, சிஸ்டர். இனிமே அடிச்சா என்னைக் கேளுங்க" என்றார் எலக்ட்ரீஷியன். மறுநாளும் அடித்தது.

அதில் கடைசியாகப் படுத்திருந்தவர் ஒரு தையல்காரம்மா. ரத்த அழுத்தம் விழாமலிருக்க இடது கையில் நார்அட்ரினலின் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அது நரம்பை விட்டுக் கசிந்தால் சதை கருகிவிடும். அதனால் மணிக்கொரு தரம் போர்வையை விலக்கி, கையைத் தொட்டுப் பார்த்துத்தான் சார்ட்டில் அந்தந்த மணிக் கட்டத்தில் எழுத வேண்டும்.

அன்று பதினோரு மணிக்கு அவர் மணி அடித்து, "கை எரியுதும்மா" என்றார்.

"இதோ வரேம்மா" என்றேன், சார்ட்டில் 'கை நன்று' என்று எழுதியபடியே.

நான் போனபோது மணி ஒன்று. புறங்கை வெளுத்திருந்தது. மறுநாள் நான்கு விரல்கள் கறுத்தன.

"ஊசி பிடிக்கிறது வலது கைதானே, விடும்மா" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

இன்றும் மணி விடாமல் அடித்தது. போய், காலிப் படுக்கையின் போர்வையை விலக்கித் தொட்டேன். இடது ஓரத்தில், ஒரு கை அகலத்துக்கு மட்டும் மெத்தை சில்லிட்டிருந்தது. கட்டிலில் தொங்கிய வெற்றுச் சார்ட்டை எடுத்து, பதினோரு மணிக் கட்டத்தில் 'கை சில்லிட்டிருக்கிறது' என்று எழுதினேன்.

மணி நின்றது.