தெரியுது

“கண்ணை மூடிக்குங்க” என்றாள்.

தணிகாசலம் மூடிக்கொண்டான். வலது கை தலையணைமேல் விரிந்து கிடந்தது. ஆலையில் தகடு அழுத்தும் பவர் பிரஸ்ஸில் நசுங்கிய கை. தையல் வடு மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் வரை ஓடியது.

அம்பத்தூரில் ஒரே அறை வீடு. அவன் மனைவி பூங்காவனம் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

வந்தவள் பிசியோதெரபி படித்தவள். இப்போது காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. ஆலையில் யாருக்காவது அடிபட்டால் வைத்தியச் செலவை அந்த நிறுவனம் கொடுக்கும். இனிமேல் எது தேவையில்லை என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில வீடுகளை நினைத்துத் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறாள்.

இப்போது வந்துவிடுகிறது.

பேனா முனையால் சுண்டுவிரலைத் தொட்டாள்.

“தெரியுதா?”

“தெரியுது மேடம்.”

மோதிர விரல்.

“தெரியுது.”

கொஞ்சம் அழுத்தினாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

பேனாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எதையும் தொடவில்லை.

“இப்போ?”

“நல்லா தெரியுது மேடம்.”

பொய் அவளுக்குப் புதிதல்ல. கையைத் தூக்கவே முடியவில்லை என்பார்கள். வலியில் உயிர் போகிறது என்பார்கள். அவள் தெருமுனை தாண்டியதும் எழுந்து நடப்பார்கள்.

இல்லாததை இருக்கிறது என்று சொன்னவன் இவன்தான்.

நிமிர்ந்தாள்.

பூங்காவனம் அவள் மடியிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் வைத்தியம் பாக்கணும்னு எழுதிடாதீங்க மேடம். அவரு எடத்துல வேற ஆளப் போட்டுப் பாக்குறாங்களாம்.”

தணிகாசலம் கண்ணைத் திறந்தான். மனைவியைப் பார்த்தான். இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான், வேறு யாருடைய பொருளையோ எடுத்து வைப்பதுபோல.

உணர்வு திரும்பவில்லை. இன்னும் சில மாதம் பயிற்சி கொடுத்தால் திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்.

நிறுவனம் எதிர்பார்ப்பது ஒரு வார்த்தை. இவர்கள் கேட்பதும் அதே வார்த்தை.

‘குணமாகிவிட்டது. வேலைக்குப் போகலாம்.’

எழுதினாள்.

உள்ளே எதுவும் அசையவில்லை. பசித்தது. அடுத்த வீடு கொரட்டூரிலா பாடியிலா என்று யோசித்தாள்.

“ஒரு வாய் சாப்ட்டுப் போங்க மேடம்” என்றாள் பூங்காவனம். முகம் தெளிந்திருந்தது.

“இல்லைங்க. இன்னொரு எடத்துக்குப் போகணும்.”

வாசலில் செருப்பை மாட்டினாள். தணிகாசலம் வழியனுப்ப எழுந்து வந்தான். சும்மா கிளம்பக் கூடாதே என்று கேட்டாள்.

“இனிமே உக்காந்து பாக்குற மாதிரி ஏதாவது வேலை குடுப்பாங்களா?”

“அதே பிரஸ்தான் மேடம்.” சிரித்தான். “கை உட்டு தகடு வைக்கணும், எடுக்கணும். பழகின கை. கண்ணால பாக்கக்கூட வேணாம்.”

தலையாட்டினாள். படியில் இறங்கினாள்.

நின்றாள்.

மேலே கதவு இன்னும் சாத்தப்படவில்லை. பூங்காவனம் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து போறாரு, எல்லாம் சரியாப் போச்சு.

திரும்பி ஏறினாள்.

செருப்பைக் கழற்றினாள்.