பத்து மணி இன்டர்வியூ

பத்து மணி இன்டர்வியூவுக்கு ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார் துளசிராமன். ஐம்பத்திரண்டு வயதில் இஸ்திரி போட்ட சட்டையும் மடியில் ஃபைலுமாகக் காத்திருக்க வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தால் யார் என்ன செய்ய முடியும்? கும்மிடிப்பூண்டி பைபாஸில் இருக்கும் அந்த ஏசி ஓட்டலுக்கு வரச் சொல்லித்தான் மெசேஜ் வந்திருந்தது. காரில் வந்து இறங்கினால் ஒரு மாதிரியாக நினைப்பார்கள் என்று அதைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார்.

பதினைந்து நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை. இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் அவரை நேரில் பார்த்து, குடைந்து குடைந்து விசாரித்து, கடைசியில் சரிப்படாது என்று கையை விரித்துவிட்டார்கள். இன்றைக்கும் அதே கதை என்றால் பதினாறு வருஷப் பிழைப்பை மூட்டை கட்டிவிட்டு வீட்டோடு உட்கார வேண்டியதுதான். கெடு கொடுத்தவர்களும் திங்கட்கிழமைக்கு மேல் பொறுக்க மாட்டார்கள்.

மனைவி புவனேஸ்வரி வாசல் வரை வந்து புத்தி சொல்லி அனுப்பியிருந்தாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கோவம் வந்தா தண்ணி குடிங்க. வழக்கம் போல நீ வா போன்னு பேசி வெக்காதீங்க."

மெசேஜ் அனுப்பியிருந்த பூமிகா சரியாகப் பத்துக்கு வந்தாள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். எதிரே உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, நோட்டைப் பிரித்தாள். துளசிராமன் தன்னை அறியாமல் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. பெரிய சிட்டியாக இருக்க வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது, கம்பெனி சின்னதாக இருந்தாலும் வேலை நிலையாக இருக்க வேண்டும், இதற்கெல்லாம் ஒத்துவருகிற ஊரைத்தான் முடிவு செய்யப் போவதாகச் சொன்னாள். நோட்டில் கோயம்புத்தூர், ஹைதராபாத், புனே என்று மையில் எழுதியிருந்தது. கும்மிடிப்பூண்டி மட்டும் கடைசியில் பென்சிலில் இருந்தது.

துளசிராமனுக்குப் பகீரென்றது. இந்த ஊரை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் ஏது?

"கும்மிடிப்பூண்டின்னா பட்டிக்காடுன்னு நெனைக்காதீங்க மேடம். ரயில் ஏறினா நேரா சென்ட்ரல். மெட்ராஸ்லதான் இருக்கோம், ஊட்டு வாடகை மட்டுந்தான் மெட்ராஸ் இல்ல."

"ஃபேக்டரிப் புகை?"

"காத்து கடல் பக்கம் அடிச்சா ஒண்ணும் தெரியாது மேடம்."

அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். எவ்வளவு எட்டிப் பார்த்தும் என்னவென்று தெரியவில்லை. அவர் ஃபைலைத் திறந்து சர்டிபிகேட்டுகளை நீட்ட, ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, எல்லாம் ஒரிஜினல்தானா என்று கேட்டாள். துளசிராமன் தண்ணீர் குடித்தார்.

"கொரோனா டைம்ல இன்னா பண்ணீங்க?"

"ஓடி ஒளியலை மேடம். பாதிச் சம்பளம்னு ரெண்டு பக்கமும் பேசி ஒத்துக்கினு சமாளிச்சோம்."

அதற்கு மட்டும் லேசாகத் தலையை ஆட்டினாள். அவருக்கு உயிர் வந்தது.

அடுத்து சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று ஆரம்பித்தாள். சுகர் கொஞ்சம் உண்டு, மாத்திரையில் அடங்கியிருக்கிறது என்றார். திடீரென்று படுத்துவிட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். மகள் அஸ்வினி பி.காம். கடைசி வருஷம், அவளைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன் என்றார். அவருக்குப் பெண் கொடுத்த மாமனார்கூட அன்றைக்கு இத்தனை கேட்கவில்லை.

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?"

உன்னை மாதிரி நாலு பேர் கேள்வி கேட்டால் ஆஸ்பத்திரியில் இருப்பேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டம்ளரைப் பார்த்தார், காலியாக இருந்தது. பக்கத்து மேசையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"இதே ஊர்லதான் மேடம். இன்னும் நல்லா இருப்பேன்."

பூமிகா நோட்டை மூடினாள். நேரில் வந்ததற்கு நன்றி சொன்னாள், அவர் வாங்கிக் கொடுத்த காபி நன்றாக இருந்தது என்றாள். வேண்டிய விஷயத்தைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். துளசிராமனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மானம் ரோஷம் எல்லாவற்றையும் மேசை மேலேயே விட்டுவிட்டு அவள் பின்னாலேயே கதவு வரை ஓடினார்.

"வெறுங்கையோட அனுப்பாதீங்க மேடம். திங்கக்கிழமைக்குள்ள இதுக்கு ஒரு வழி பொறக்கலைன்னா என் கதை முடிஞ்சிரும். ஆமாவா இல்லையா, அதையாவது சொல்லிட்டுப் போங்க."

அவள் நின்று, அவரை இரக்கத்தோடு பார்த்தாள்.

"இன்னும் மூணு ஊர்ல மூணு முதலாளிங்களை இன்டர்வியூ பண்ணணும் சார், அப்புறந்தான் யாருகிட்ட வேலைக்குச் சேர்றதுன்னு சொல்வேன்."