படுத்தால் போகிற வலி

எழுந்து உட்காரச் சொன்னார் டாக்டர் ஸ்ரீவித்யா.

மௌரீன் அசையவில்லை. கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். 

சிசேரியனுக்காக முதுகில் போட்ட ஊசி உள்ளே ஒரு துளையை விட்டுவிட்டது. தண்டுவட நீர் அதன் வழியே கசிந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தால் மண்டை பிளக்கும். படுத்தால் போய்விடும்.

இப்போது அவள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து முதுகில் அதே இடத்தில் செலுத்தியிருந்தார் டாக்டர். அது உறைந்து துளையை அடைத்துவிடுமாம்.

படுத்தால் போகிற வலியை ஜீவனஹள்ளியில் புகுந்த வீட்டில் யாரும் வலியாகவே மதிக்கவில்லை.

"புள்ள பெத்தா தலவலி வரத்தான் செய்யும். நாங்கல்லாம் தாங்கலையா?" என்றாள் மாமியார். கணவன் நோயல் அதற்கும் ஒரு படி மேலே போய், படுத்ததும் மட்டும் எப்படிச் சிரிப்பு வருகிறது என்று கேட்டான்.

படுத்தபடி பால் கொடுக்க விடவில்லை. குழந்தையின் காதில் பால் இறங்கிச் சீழ் வைக்குமாம். ஒவ்வொரு முறையும் சுவரில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள்.

நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று சொம்பையே எடுத்து ஒளித்துவைத்தாள் மாமியார்.

சொல்வது யார்? சமையல் முடிந்த கையோடு தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, ஹாலில் தலையணைகூட இல்லாமல் மல்லாந்துவிடுகிறவள். விருந்தாளி வந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மௌரீன் இதைப் பார்க்கிறாள். சரியான சோம்பேறி என்று அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள்.

நேற்று பால் கொடுக்கும்போது வலியில் கண் இருட்டி, குழந்தை மடியிலிருந்து நழுவிவிட்டது. நல்லவேளை, கீழே பாய் இருந்தது. அதற்குப் பிறகுதான் நோயலுக்குப் புத்தி வந்து ஆட்டோ பிடித்தான்.

மௌரீன் கையை ஊன்றி எழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

வலி வரவில்லை.

இன்னும் சற்றுக் காத்திருந்தாள். வரவே இல்லை.

கோபம்தான் வந்தது. படுத்துக்கொண்டு சண்டை போட முடியாது என்பதால் எல்லாவற்றையும் சேர்த்துவைத்திருந்தாள். ஒளித்துவைத்த சொம்பு, காதில் இறங்கும் பால், நழுவிய பிள்ளை, ஒன்றையும் விடப்போவதில்லை. டாக்டர் முன்னாலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும்.

கதவோரம் மாமியார் நின்றிருந்தாள். தலையில் அதே துண்டு. பக்கத்தில் குழந்தையை ஏந்தியபடி நோயல்.

"அத்தை" என்று ஆரம்பித்தாள் மௌரீன்.

மாமியார் அவள் பக்கம் திரும்பவில்லை. முழங்கை வரையிருந்த ரவிக்கைக் கையை மேலே சுருட்டியபடி டாக்டரிடம் வந்து நின்றாள்.

"நோயல் பொறந்தப்ப எனக்கும் முதுகுலதான் ஊசி போட்டாங்க, டாக்டர். இப்ப ரத்தம் போட்டாலும் கேக்குமா?"